டீச்சர் இல்லாமல் வந்த வண்டி

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு நான் கொண்டுவந்த ஒரே புதுக் காரியம், மாதம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து கலை பார்க்கப் போவது. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். செங்கலுக்கும் பாறசாலைக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில் ஞாயிறு ஆராதனை கலைந்தால் அடுத்த ஞாயிறுவரை ஆட்கள் கூட வேறு இடமில்லை. ஒரு மாதம் வடக்கே போனால் அடுத்த மாதம் தெற்கே என்று வைத்துக்கொண்டோம். நெய்யாற்றின்கரையில் கதாப்பிரசங்கம் கேட்டோம். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்தோம். கடற்கரை ஊரில் பெருநாளுக்குப் போட்ட நாடகத்தைப் பார்த்தோம். கோயில் வளாகத்தில் நடக்கிற கலை என்றால் போதகர் முகம் சுளிப்பார். மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொல்லிவிடுவோம். பல நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

ஆண்கள் பாறசாலை ரோடுவரை நடந்துபோய் பஸ் ஏறுவோம். பெண்களை அந்த ரோடுவரை கொண்டுவர ஒரு வில்வண்டி பேசியிருந்தோம். ஆனால் வண்டி மட்டும் போதாது. வண்டியில் டீச்சர் இருக்க வேண்டும்.

டீச்சர் மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார். அதியன்னூர்க்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார். பேச்சு மலையாளம்தான், ஆனால் எங்களோடு பேசும்போது பாதி தமிழாகிவிடும். வண்டி முதலில் அவர் வீட்டுக்குப் போகும். முன்பக்கம், வண்டிக்காரனுக்குப் பின்னால், அவர் ஏறி உட்காருவார். மாட்டைக் கண்டால் அவருக்குப் பயம். வாலை ஆட்டினாலே கையிலிருக்கும் குடையை விரித்துவிடுவார். பிறகு வண்டி வீடு வீடாகப் போகும். அப்பன்மார் வெளியே வந்து குனிந்து வண்டிக்குள் பார்ப்பார்கள். வெள்ளைச் சேலையும் குடையும் தெரிந்தால், "டீச்சரு உண்டா? அப்பம் சரி, போட்டும்" என்பார்கள். அதோடு பெண் வண்டியில் ஏறிவிடலாம். யாரும் இப்படி ஒரு சட்டம் போடவில்லை. எப்படியோ அதுவே வழக்கமாகிவிட்டது.

என் தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் இருந்தது. பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் நிற்கிற ஓவியம். அதன் அசல் திருவனந்தபுரத்துச் சித்திரசாலையில் கதவு உயரத்துக்கு இருக்கிறது, நேரில் பார்த்தால் சேலை மடிப்பு கையில் தட்டும்போல இருக்கும் என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தங்கை என்னை விடவில்லை. வெள்ளறடைப் பக்கம் ஒரு குடும்பத்தில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வாசல்படி தாண்ட மாமியாரிடம் கேட்க வேண்டிய வீடு அது.

"எண்ணே, கல்யாணத்துக்கு முன்ன ஒரு தடவ. அங்க போனா பின்ன எனக்கு நடக்காது, கேட்டியா?"

"அடுத்த வடக்கு மாசம் அங்கதான்" என்றேன். கூட்டத்திலும் அப்படியே அறிவித்தேன்.

திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் அந்த வருடங்களில் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் அதில் முழு மனதோடு இருந்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. வருந்துவது வேறொன்றுக்காக.

கூட்டத்தில் என் வயதுக்காரன் ஒருவன் எழுந்தான். "திருவனந்தபுரத்து சர்க்காரு நம்மள அடிக்கியான். நாம அங்க போயி படம் பாக்கவா? நல்ல தமிழ் வளப்பாக்கும் இது!"

இன்னொருவன் சேர்ந்துகொண்டான். "அதும் மலையாளத்துக்காரிய காவலுக்கு வச்சுட்டு!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் பேசியவன் தன் மனைவியோடு சண்டை போடுவது மலையாளத்தில்தான். நான் பாடப் புத்தகத்தைப் படித்தது தமிழில், கணக்கை மனதுக்குள் போட்டது மலையாளத்தில். இதையெல்லாம் அப்போது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சித்திரசாலையைத் தள்ளிவைத்து, குழித்துறையில் ஒரு தமிழ் விழாவுக்குப் போவதாக மாற்றினேன். வண்டிக்காரனிடம், "டீச்சரு வீட்டுக்குப் போவண்டாம், நேரே பிள்ளைகள ஏத்தீட்டு வா" என்று சொன்னேன். டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியம் பாறசாலை ரோட்டில் காத்திருந்தோம். வண்டி காலியாக வந்தது. ஒவ்வொரு வாசலிலும் அப்பன்மார் குனிந்து பார்த்திருக்கிறார்கள். முன்பக்கம் யாருமில்லை. ஒரு வீட்டிலும் பெண் ஏறவில்லை.

"ஒம்ம வீட்டுலயும் ஏறல்ல" என்றான் வண்டிக்காரன். "ஒம்ம அப்பன் எங்கிட்ட கேட்டாரு, டீச்சரு செத்தா போனாவ எண்ணு."

அந்த விழாவில் வில்லுப்பாட்டு நன்றாக இருந்தது. எங்கள் கூட்டத்தில் வில்லுப்பாட்டை அதிகம் ரசித்தவர் டீச்சர்தான். உடுக்குக்கு ஏற்ப முழங்காலில் தாளம் போடுவார். அது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது தங்கை வெளியே போகக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. அவள் அழவில்லை. "டீச்சரு ஒருங்கி நின்னாவளாம், எண்ணே. பலகாரப் பொதியும் கட்டி வச்சுட்டு வாசல்ல நின்னாவளாம். வண்டி அவிய வீட்டத் தாண்டிப் போச்சாம். நீ போயி சொல்லு. அவிய வந்தா நமக்கு இனியும் போலாம். எனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு சனியாழ்ச்ச உண்டு."

மறுநாள் போனேன். டீச்சர் நாற்காலியை எடுத்துப் போட்டார். வண்டிக்காரன் மறந்துவிட்டான் என்று சொல்லலாம் என்று நினைத்துப் போனேன். அவரே அதைச் சொல்லிவிட்டார். "வண்டிக்காரன் மறந்துகாணும். சாரமில்ல, போட்டும் மோனே."

நான் தலையாட்டினேன். தங்கையின் ஆசையைச் சொன்னேன். "சனியாழ்ச்சயா? ஞான் வராம். அவள ஆ படத்தின்றெ முன்ன நிறுத்தாதெ ஞான் சாகான் பாடில்ல" என்று சிரித்தார்.

அந்த வாரம் தெற்கே போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த செய்தி எங்கள் ஊரிலும் பரவிக்கிடந்தது. சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டத்துப் பையன்கள் சிலர் என்னைக் கடைமுக்கில் நிறுத்தினார்கள். "நாளைக்குத் திருவனந்தபுரம் உல்லாச யாத்திரையாமே? டீச்சரம்மையும் உண்டாமே?" என்று ஒருவன் கேட்டான். துக்கத்தில் இருந்தவன்தான், அவனைக் குறை சொல்லமாட்டேன். இந்தச் சமயத்தில் வேண்டாம், பிறகு போவோம் என்று டீச்சரிடமும் தங்கையிடமும் நேராகச் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே கேட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொல்லப் போனால், போன தடவை வண்டி ஏன் தாண்டிப் போனது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். நான் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது என்றேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். டீச்சருக்கும் அதையே சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. சில வருடங்களில் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் ஊரும் தங்கையின் ஊரும் மலையாளப் பக்கமே நின்றன. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதியன்னூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பெண்களின் வண்டி அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் புறப்படவில்லை. கொஞ்சநாள் ஆண்கள் மட்டும் போனோம். பிறகு அதுவும் நின்றது. எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை அதே சித்திரசாலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். கதவு உயரப் படத்தின் முன்னால் அவர்கள் நிற்கும்போது நான் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் வெள்ளறடைக்குப் போயிருந்தேன். தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளைகளுக்கே கல்யாண வயது. ரப்பர் ஷீட் காய்கிற கொடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். சுற்றிவளைக்காமல் சொன்னேன்: அச்சு முறியவில்லை.

"அது எனக்கு அண்ணைக்கே தெரியும்" என்றாள். "திங்களாழ்ச்ச கல்யாணத்துக்கு வாழக்கொல கொண்டுவந்தது அதே வண்டியில்லா? புது அச்சு போட்டியாண்ணு நான் வண்டிக்காரன்கிட்ட கேட்டேன். அவன் முழிச்சான்."

"பின்ன ஏன் எங்கிட்ட கேக்கல்ல?"

"கேட்டா நீ வேற ஒண்ணு சொல்லுவே. அதையும் நம்புனாப்பல நிக்கணும். கல்யாண வீட்டுல எனக்கு வேற வேல இல்லியா?"

இப்போதாவது கூட்டிப்போகிறேன், கார் பிடித்துப் போகலாம் என்றேன்.

"நான் பாத்தாச்சு. மருமவ கூட்டீட்டுப் போனா. நல்ல படமாக்கும், டீச்சரு சொன்னது சரிதான். எங்கிட்ட மாப்பு கேட்டு என்னத்துக்கு, எண்ணே? எனக்கு ஒரு படம் பாக்கக் காலம் வைகிப் போச்சு, அவ்வளவுதான். நம்ம பிள்ளைகளுக்கு எல்லாம் அம்மையாட்டு வண்டியில இருந்தவள, நீ ஒத்த நாளுல வேற நாட்டுக்காரி ஆக்கீட்டே. அவியகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. டீச்சர் அதியன்னூரில் அதற்குப் பிறகு பதினைந்து வருடமாவது இருந்தார். என் பள்ளிக்குப் போகும் பஸ் அவர் தம்பி வீட்டு முக்கைத் தாண்டித்தான் போகும். தினமும் போனேன், தினமும் வந்தேன். ஒருநாள்கூட அங்கே இறங்கவில்லை.