ஹோல்டில் வைத்த பெயர்கள்

வேலுமணி யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார். பொய் சொல்லும்போது முகத்தை அடக்கிக்கொள்ளலாம், காது சிவப்பதை அடக்க முடியாது என்பார். அது அவர் மனிதர்களிடம் கற்றதல்ல, ஒரு வீடியோ கேமில் கற்றது.

பெரியநாயக்கன்பாளையத்தில், பம்புசெட்டுக்கு இரும்பு காஸ்டிங் வார்த்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர் இன்ஸ்பெக்டர். வயது நாற்பத்தொன்பது. ஒவ்வொரு காஸ்டிங்கையும் தூக்கிப் பார்த்து, அளந்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். உள்ளே கீறல் இருந்தால் தொண்டை கட்டியதுபோல் பேசும். நன்றாகப் பேசியதற்கு மஞ்சள் பெயின்டில் ஒரு புள்ளி. கெட்டதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. சந்தேகமானதற்கு எந்தக் குறியும் கிடையாது, அது ஹோல்ட் ரேக்குக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் புள்ளி வைக்க அவர் பிரஷ் எடுப்பதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சுத்தியலைப் பிடித்திருக்க, மோதிர விரலைப் பெயின்டில் தொட்டு விளிம்பின் இடது ஓரத்தில் வைப்பார். அந்த விரலின் நகம் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது என் வேலை. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வசதியான இடம்.

அவருடைய மகள் லோகப்பிரியா பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பழைய லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுப் போனாள். மாதம் ஒருநாள் மின்தடை அறிவிப்பார்களே, அப்படிக் கம்பெனி மூடிக் கிடந்த ஒரு நாளில் பொழுது போகாமல் அவர் அதைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு கேம் இருந்தது. பனியில் மாட்டிக்கொண்ட ஒரு ரயில் நிலையம், செத்துக் கிடக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், கிளம்ப முடியாத ஏழு பயணிகள். பேட்டரி தீருவதற்குள் ஐந்து பேரிடம் பேசிவிட்டார். மீதி இரண்டு பேரிடம் பேச மறுநாள் வரை காத்திருந்த கதையை, கல்யாணத்துக்குக் காத்திருந்த மாதிரி சொல்வார்.

இங்கிலீஷ்தான் தடங்கல். அதற்குத்தான் என்னைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரபாண்டிப் பிரிவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன்.

"தம்பி, இந்த அலிபின்னா என்னங்க?"

"கொலை நடந்த நேரத்துல வேற எடத்துல இருந்தேன்னு காட்டற சாட்சிங்க."

"அப்ப அலிபி வெச்சிருக்கறவன்தான் செஞ்சிருப்பான். ஒழுங்கா இருக்கறவனுக்கு அதெதுக்குங்க? போன செவ்வாக்கெழம நாலு மணிக்கு எங்க இருந்தீங்கன்னு கேட்டா உங்களுக்குத் தெரியுமா?"

யோசித்தேன். தெரியவில்லை. அவர் என் காதைப் பார்த்தார்.

சந்தேக நபர்களைக் கம்பெனி இன்ஸ்பெக்ஷன் பாரத்தில்தான் எழுதுவார். காஸ்டிங் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் சமையல்காரி, டாக்டர், விதவைச் சீமாட்டி. தோற்றம், அளவு, சத்தம் என்று ஏற்கெனவே அச்சடித்த கட்டங்கள். 'சத்தம்' கட்டத்தில், கேள்வி கேட்டதும் அந்த ஆள் எப்படிப் பதில் சொன்னான் என்று வரும். கடைசிக் கட்டத்தில் ஓகே, ரிஜெக்ட், ஹோல்ட். முதல் நாளிலேயே யாருக்கும் சிவப்பு போடமாட்டார். ஹோல்டில் இருக்கும் பெயர்கள்தான் அவருக்குப் பிடித்தவை.

இப்படி நாலு வருடத்தில் இருபதுக்கு மேல் கேம் முடித்திருந்தார். எது விளையாட லாயக்கு, எது இல்லை என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு உண்டு. ஒரு பட்டனை அமுக்கினால் தடயமெல்லாம் மினுங்கும் கேம்களை அவர் மதிப்பதில்லை. "அது துப்பறியறதில்லீங்க தம்பி, கீழ கெடக்கறதப் பொறுக்கறது." துப்பாக்கி கொடுக்கும் கேம்களும் வேண்டாம். செத்தவளுடைய போனில் பதிவான குரல்களை மட்டும் கேட்டுக் கொலைகாரனைச் சொல்லவேண்டிய ஒரு கேம் இருந்தது. படமே கிடையாது. அதை மூன்று முறை விளையாடினார். வேலையும் விளையாட்டும் ஒன்றாகிப்போன சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

அவரை உலுக்கியது மலைமேல் ஒரு பங்களாவில் நடக்கும் கேம். தோட்டக்காரன்தான் கொன்றவன் என்று முடிவு சொன்னார். கேமும் சரியென்று வாங்கிக்கொண்டது. விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள், எழுத்துகள் ஓடின, முடிந்தது. பத்து நாள் கழித்து மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அது தப்பு. அந்த கேம் யாரைச் சொன்னாலும் ஒத்துக்கும், தப்புன்னு சொல்லவே சொல்லாது. அதுதான் அதுல விசேஷமே."

"என்ன விசேஷமோ கண்ணு! அந்தத் தோட்டக்காரன வெளிய கொண்டாராம எனக்குச் சோறு எறங்காது" என்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, வடக்கே காஸ்டிங் வாங்கும் கம்பெனியிலிருந்து போட்டோக்கள் வந்தன. பதினொரு காஸ்டிங், பதினொன்றிலும் கீறல். எதிலும் மஞ்சள் புள்ளி இல்லை. ஆனால் கூடப் போன பாரத்தில் வேலுமணியின் கையெழுத்து இருந்தது.

முதலாளி வெங்கடபதி சத்தம் போடுகிறவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேலுமணி, உங்க கையெழுத்துப் போட்ட பேப்பர். இது எப்படிப் போச்சுன்னு புதன்கெழமைக்குள்ள எனக்குத் தெரியோணும். தெரியலீன்னா நீங்க இருந்து என்ன பண்றதுங்க?"

வெளியே வந்த வேலுமணியின் காது சிவந்திருந்தது. ஐம்பது வயதில் ஒரு இன்ஸ்பெக்டர் கெட்ட பெயரோடு வெளியே போனால், மேட்டுப்பாளையம் ரோட்டில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரு கம்பெனியும் சேர்க்காது.

பாரம் எடுத்து எழுத ஆரம்பித்தார். இந்த முறை டாக்டரும் சீமாட்டியும் இல்லை, எங்கள் பெயர்கள். என் பெயரும் இருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தோற்றம்: ஓகே. சத்தம்: பேசுவதில்லை. முடிவு: ஹோல்ட்.

கடைசியில் மிஞ்சியது பாலகோபால். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பொறுப்பு அவருடையது. வேலுமணியைவிட நாலு வயது சின்னவர், பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் சாப்பாட்டுப் போசியைத் திறக்கிறவர்கள். பூஜையன்று சாயங்காலமே வேலுமணி மகளைப் பார்க்கப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். போகும்போது, எண்ணிக்கை எழுதாத பாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு பாலகோபாலிடம் கொடுத்திருந்தார். லீவுக்குப் போகும்போதெல்லாம் செய்வதுதான். மறுநாள் லோடு ஏற்றி எண்ணிக்கையைப் பூர்த்தி செய்தது பாலகோபால். திரும்பி வந்தபோது ஹோல்ட் ரேக் காலியாக இருந்தது. மறுபடி உருக்க உலைக்காரர்களை எடுத்துப் போகச் சொல்லியிருந்தோமே, எடுத்துப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம்.

புதன்கிழமை முதலாளி அறையில் இருவரும் நின்றார்கள். பாரத்தின் பிரதியைக் கொடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"எண்ணிக்கை யாரு எழுத்துங்க பாலு?" என்று கேட்டார் வேலுமணி.

"என்ற எழுத்துதானுங்ணா. எல்லாத்துலயும் மஞ்சப் புள்ளி இருந்துச்சுங். புள்ளி இல்லாம ஒரு காஸ்டிங் என்ற லாரில ஏறாது, உங்களுக்கே தெரியுமல்லங்."

"போட்டோவுல புள்ளி எங்கீங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் ஏத்தறப்ப இருந்துச்சு."

"பதினோரு புள்ளியும் வழியில எறங்கிப் போயிருச்சாக்கும்?"

பாலகோபால் அவரையே பார்த்தார். "ஏனுங்ணா, அந்தக் கம்ப்யூட்டர்ல கொலகாரனத் தேடித் தேடி இப்ப என்னையப் புடிச்சுபோட்டீங்களா?"

முதலாளி, வருகிற சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி பாலகோபாலிடம் சொன்னார். அன்று மதியம் பெஞ்சில் இரண்டு போசிக்கு நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மறுநாள் பாலகோபால் லாரி நிழலுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

தப்பித்த மனிதனின் முகம் வேலுமணிக்கு வரவில்லை. சாயங்காலம் தடுப்பைத் தட்டிக் கூப்பிட்டார். "தம்பி, கேஸ் முடிஞ்சிருச்சு. ஆனா சத்தம் சரியில்லீங்க. அவன் காது செவக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பதினொன்றும் திரும்பி வந்தன. வேலுமணி ஒவ்வொன்றாகத் தட்டினார். பதினொன்றும் தொண்டை கட்டியே பேசின. பிறகு விளக்கைக் கிட்டே இழுத்து விளிம்புகளைத் தடவிப் பார்த்தார். ஏழாவதில் கை நின்றது. மணல் வார்ப்பின் சொரசொரப்பில், ஊசி முனை அளவு குழி ஒன்றில், ஏதோ வெளிறிய மஞ்சள். குண்டூசியால் சுரண்டிக் காகிதத்தில் தட்டினார். பெயின்டு என்றால் செதிலாக வரும். இது மாவாக உதிர்ந்தது.

முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

சந்தனம்.

நான் செல்போனை எடுத்தேன். பூஜையன்று எடுத்த படங்கள் இருந்தன. தரையைக் கழுவுவதற்காக எல்லா ரேக்கையும் ஒரே மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஓகே ரேக்கும் ஹோல்ட் ரேக்கும் தோள் உரச நின்றன. லேத்துக்கு, தராசுக்கு, என் கம்ப்யூட்டருக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடிந்தபோது குங்குமம் தீர்ந்துவிட்டது. ரேக்குகளுக்கு வெறும் சந்தனம்தான். ஒரு படத்தில் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்திருப்பது வேலுமணி. ஹோல்ட் ரேக்கிலிருந்த காஸ்டிங் ஒன்று விடாமல் பொட்டு. எல்லாம் விளிம்பின் இடது ஓரத்தில். எல்லாம் மோதிர விரல் அகலத்தில்.

இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்துக்குப் போன விரல், சந்தனத்தைத் தொட்டபோதும் அங்கேயே போயிருக்கிறது. மறுநாளும் ரேக்குகள் அந்த மூலையில்தான் நின்றன. மழை மூட்டத்தில், பாதி ஷட்டர் வெளிச்சத்தில், பாலகோபால் பார்த்தது எல்லா நாளும் பார்க்கிற புள்ளியைத்தான். காய்ந்த சந்தனம் லாரி குலுங்கிய தூரத்தில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

படத்தை அவர் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் திரையில் அவருடைய விரல் மட்டும் இருந்தது.

"சாமிக்குச் செய்யறதுல ஒண்ணும் உட்டுப்போகக் கூடாதுன்னு வெச்சேன் தம்பி."

அன்று அவர் பொட்டு வைத்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். படமும் எடுத்தவன். மூன்று வாரமாக அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இது வேற ஆருக்காச்சும் தெரியுமுங்களா?"

"இல்லீங்க."

காகிதத்தில் கிடந்த சந்தனத்தைப் பார்த்தார். ஒரு ஊதல் போதும். முதலாளி முடிவு சொல்லியாகிவிட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. அவர் என் காதைப் பார்க்கவில்லை. நான்தான் அவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அது சாதாரண நிறத்திலேயே இருந்தது. அவர் என்ன செய்வார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு புது பாரம் ஒன்றை எடுத்தார். நம்பர் எழுதும் இடத்தில் வே. வேலுமணி என்று எழுதினார். தோற்றம், அளவு, சத்தம் மூன்றையும் கோடு போட்டு அடித்தார். முடிவில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் போட்டார். சந்தனத்தை அந்தக் காகிதத்திலேயே மடித்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தார்.

வெங்கடபதி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரேக்கையெல்லாம் மூலைக்குத் தள்ளச் சொன்னது அவர்தான். அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பாலுவ நிக்கச் சொன்னது இல்லீன்னு சொல்லிப்போடுங்க. நீங்களும் இருங்க. ஆனா இனிமே உங்க ஒரு கையெழுத்துல சரக்கு போகாது. பாலுவும் பாத்து, கூடக் கையெழுத்துப் போடட்டும்."

"சரிங்க சார்."

"வெறும் பாரத்துல கையெழுத்துப் போடற பழக்கமும் வேண்டாம்."

"சரிங்க."

அதை பாலகோபாலிடம் போய்ச் சொன்னதும் வேலுமணிதான். எனக்குக் கேட்காத தூரம். பாலகோபால் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வேலுமணி முதல் லாட்டை முடித்து, பாரத்தோடு டெஸ்பாட்சுக்குப் போனார். பாலகோபால் பாரத்தை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்த லாட்டு ஆரு பாத்தது?"

"நான்தான் பாலு."

"சாட்சி இருக்குதுங்களாண்ணா? அலிபி?"

லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். பாலகோபால் சிரிக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு காஸ்டிங்கைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். விளிம்பின் இடது ஓரத்தில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். நகத்தை மூக்கருகே கொண்டுபோய், அவசரப்படாமல், முகர்ந்தார்.

வேலுமணி கைகட்டி நின்றார்.

"பெயின்டுதானுங்" என்றார் பாலகோபால். கையெழுத்துப் போடாமல் அடுத்த காஸ்டிங்கைத் தூக்கினார்.