கஞ்சி போட்ட சேலையும் காட்டுப்பன்றியும்

போன ஞாயிறு நோர்வூட்டில் ஒரு கல்யாணம். எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா, சோற்றுக் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த சேலையில் வந்து உட்கார்ந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காட்டுப்பன்றி ஞாபகம் வந்துவிட்டது. இது அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

என் முதல் வேலை கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை காலத்துக் குதிரை லாயத்தில். கொழும்பு முதலாளி ஒருவர் அதை எடுத்து, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ராணி என்ற குதிரையை வைத்திருந்தார். ராணியின் லாயத்துக் கூரை ஒழுகாது. பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரை தாராளமாக ஒழுகும். மழை பெய்தால் நான் ராணி பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்வேன். அது பெருந்தன்மையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

ஒரு ராத்திரி, தவிடும் கொள்ளும் கலந்த தீவன வாசனைக்குக் காட்டுப்பன்றிகள் பலகையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தன. ராணி மிரண்டு உதைத்ததில் காலில் காயம். முதலாளி வந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ பன்றி உள்ள வந்துச்சுன்னா குதிரய வித்துருவேன். நீயும் வீட்டுக்குப் போயிடலாம்."

வீடு பக்கத்தில்தான், அதில் சிரமமில்லை. ராணியை விற்பதை நினைத்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கரட், லீக்ஸ் பாத்திகளுக்குப் பழைய சேலைதான் வேலி. மனித வாடைக்குப் பன்றி கிட்டே வராது. கொழுந்து எடுக்கும் ராக்கம்மா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். லயத்துப் பெண்களிடமெல்லாம் கேட்டு ஒரு கட்டுச் சேலையோடு வந்தார். எல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்திருந்தன.

"என்னக்கா, கோயிலுக்குக் கட்டுற மாதிரி இருக்கு?"

"பின்ன? மொதலாளி, சுத்திப் பாக்க வர்ற வெள்ளக்காரங்க எல்லாம் வந்து போற எடம். அழுக்குச் சேலய தொங்கவிட்டா எங்க மானம் என்னாவுறது?"

நானும் கல்யாணப் பந்தல் மாதிரி கட்டி அழகு பார்த்தேன். விடிந்து பார்த்தால் சேலைகளின் கீழ்ப்பாதியைக் காணோம். மனித வாடையைச் சவர்க்காரம் கொண்டுபோய்விட்டது, பன்றிகளுக்குக் கஞ்சி வார்த்ததுதான் மிச்சம். பெயர்ந்த இடத்தில் நான் அடித்திருந்த புதுப் பலகை தாங்கியதால் ராணி தப்பித்தது. ராக்கம்மா அக்கா தன் சேலையைத் தூக்கிப் பார்த்தார்.

"முந்தானைய மட்டும் தின்னுருக்கு பாரேன். ரசன உள்ள பன்னி!"

துவைக்காத சேலை கேட்கலாமென்றால், பெண்களிடம் அதை எந்த வாயால் கேட்பது? நான் விழித்துக்கொண்டு நின்ற சாயங்காலம், மழையில் வந்த அக்கா தலையில் போட்டிருந்த கம்பளியைக் கழற்றி லாயத்துக் கூரை இறவாணத்தில் தொங்கவிட்டார்.

"சேலைக்குத்தான் மானம். கம்பளிய எவ தொவைக்கிறா?"

வேர்வை, கொழுந்துச் சாறு, வெற்றிலை, பல வருட மழை எல்லாம் சேர்ந்த வாடை அது. எனக்கே தலை சுற்றியது. மற்றப் பெண்களும் தங்கள் கம்பளிகளைக் கொண்டுவந்தார்கள். மாலையில் தொங்கவிடுவார்கள், காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகுமுன் எடுத்துக்கொண்டு, ராணிக்கு ஒரு துண்டு ரொட்டி ஊட்டிவிட்டுப் போவார்கள். பன்றி அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படியும் முதலாளி ராணியை விற்றார். ஹோட்டல் கட்டப் போகிறாராம். லொறி வந்தபோது ராணி ஏற மறுத்து நடுங்கியது. அக்கா தன் கம்பளியை அதன் முதுகில் போட்டுக் கழுத்தைத் தடவினார். பேசாமல் ஏறிவிட்டது.

"அக்கா, கம்பளி!" என்று கத்தினேன்.

"போகட்டும் தம்பி. போற எடத்துல பாவம், அதுக்கு யாரத் தெரியும்?"

மறுநாள் மழையில் அவர் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இப்போது தோட்டத்தில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கோட்டு. ராக்கம்மா அக்காவும் இல்லை. லாயம் இருந்த இடத்தில் ஹோட்டல் புல்வெளி. அங்கே பன்றிகள் குட்டிகளோடு மேய்கின்றன, வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். யாரும் விரட்டுவதில்லை.