கேரண்டி கேட்டுப் போன சனிக்கிழமை

நித்யா, சரவணா, அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே “ஏமைந்தி நான்னா?” என்று இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டீர்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? “ஆயிடுச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். ஒரு நாள் முழுக்க நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. பத்தாவதுக்கு மேல் படிக்காதவன்தான், ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுத்த தமிழை நித்யா மறந்திருக்க மாட்டாள். அவள் படிக்கட்டும், சரவணன் கேட்கட்டும். மூன்று வருஷம் போனால் அவனுக்கும் இந்த மாதிரி ஆபீஸ் வாசல்களில் ஏறி இறங்குகிற வேலை இருக்கிறது.

போன காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீட்டில் நித்யா தேறினாள். அந்த மார்க்குக்கு இங்கே சர்க்கார் சீட்டு இல்லை. தனியார் சீட்டு நம் கைக்கு எட்டாது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கலாம் என்று முடிவானதும், பதினைந்து நாளுக்கு முன் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு கன்சல்டன்ட் ஆபீசுக்கு அவளை அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் அந்த ஆள், “வாங்கண்ணே, நமக்கு எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டார். நம் குடும்பம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக லாலாகூடாவுக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. இங்கே நம்மை யாரும் ஊர் கேட்பதில்லை. “நான் ராணிப்பேட்டைண்ணே” என்றார். அவ்வளவுதான், நான் கரைந்துவிட்டேன். பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மெமோக்கள், அதாவது மார்க் ஷீட்டுகள், இருந்த நீல ஃபைலை அவர் கையில் கொடுத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் வந்தேன். நம் ஆளிடம் ரசீது கேட்பதா?

அதோடு நிற்கவில்லை. அவர் கொடுத்த விளம்பர நோட்டீஸைக் கொண்டுபோய் நான் வேலை பார்க்கிற ரயில்வே ஒர்க்‌ஷாப் கேன்டீன் பலகையில் நாலு குண்டூசி குத்தி மாட்டினேன். கேட்டவர்களிடமெல்லாம் “தமிழாளு, நம்பலாம்” என்றும் சொல்லி வைத்தேன். சிகந்தராபாத்தில் நம்மவர்களுக்கு இது ஒரு பலவீனம். தமிழ் காதில் விழுந்தால் கை தானாகப் பையைத் திறந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த ஆள் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, முதலில் சொன்ன நாட்டை விட்டுவிட்டு வேறொரு நாட்டின் பெயரைச் சொன்னார். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கும்: “பாஸ் சீட்டு இல்லாம ஒர்க்ஷாப்ல ஒரு போல்ட்டு கேட்டைத் தாண்டாதுன்னு பெருமை பேசுவீங்களே. பெத்த பொண்ணோட ஒரிஜினலை மட்டும் சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

நித்யா அழவில்லை. டெல்லி மருத்துவ ஆணையத்தின் விதிகளைப் பிரின்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டு என் முன் வைத்தாள். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எனக்குத் தெலுங்கில் விளக்கினாள். அதை வைத்து நான் ஒரு கேஜ் செய்தேன்.

கேஜ் என்றால் என்ன என்று சரவணன் கேட்பான். எங்கள் வேலையில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு இரும்புத் துண்டு உண்டு. அதற்கு இரண்டு முனை. ஒன்று ‘கோ’, அது துளைக்குள் போக வேண்டும். இன்னொன்று ‘நோ-கோ’, அது போகவே கூடாது. ஒரு முனை மட்டும் பார்த்துப் பாஸ் போட்டால், தப்பு வண்டி ஓடும்போது தெரியும். அதேபோல எல்லாக் கன்சல்டன்டிடமும் இரண்டே கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும். மற்றொன்றுக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.

நித்யா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் முகத்தில் இருக்கும் ஆசையைப் பார்த்ததும் அவர்கள் பேச்சே மாறிவிடும்.

காலை எட்டேகால். மெட்டுகூடாவில் மெட்ரோ ஏறினேன். ராயதுர்க் வரை ஒரே வண்டி, அறுபத்தொரு ரூபாய், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். தோளில் பை, அதில் நித்யாவின் பிரின்ட், ஒரு தண்ணீர் பாட்டில், அம்மா கட்டிய தயிர்சாதம். அமீர்பேட்டையில் ஏறிய கூட்டம் ராயதுர்க்கில்தான் இறங்கியது. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. என் கழுத்து மட்டும் சும்மா இருந்தது.

ஒன்பதேகால். ராயதுர்க்கிலிருந்து முதல் கன்சல்டன்ட் ஆபீஸ் இருக்கிற கச்சிபௌலிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய், நாலு கிலோமீட்டர். ஆனால் போக இருபத்தைந்து நிமிஷம். ஓட்டியவர் தாடி நரைத்த பெரியவர், உருதுவில் பேசினார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். மகளை டாக்டருக்குப் படிக்கவைக்க என்றேன்.

“ஹவ், அப்படியா? அதுக்கு ஆஸ்பத்திரி பக்கம் போகணும். இங்க எதுக்கு வந்தீங்க?” என்று சிரித்தார். நான் போக வேண்டிய கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார்: “கண்ணாடியைப் பாத்து பயம் நக்கோ சாப், பயப்படாதீங்க. அந்தக் கண்ணாடிக்கு வாடகை கட்டறது உங்களை மாதிரி உள்ள போறவங்கதான்.”

ஆறாவது மாடி. சில்லென்ற ஏசி, சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளின் படம். நித்யாவைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். “சொல்லுங்க அங்கிள்” என்றாள் தெலுங்கில். நல்ல பெண்தான், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

முதல் கேள்வியைக் கேட்டேன். “குறைஞ்சது ஐம்பத்துநாலு மாசப் படிப்பு, எல்லாமே இங்கிலீஷ்ல. அதே காலேஜ்ல பன்னெண்டு மாசப் பயிற்சி. முடிச்சா அந்த நாட்டுலயே டாக்டரா பதிவு பண்ணிக்கலாம். இதெல்லாம் காலேஜ் லெட்டர்ல எழுதி, பணம் கட்டறதுக்கு முன்னால வாங்கித் தருவீங்களா?”

“முதல்ல சீட் பிளாக் பண்ணுங்க அங்கிள். லெட்டர் ஆட்டோமேடிக்கா வந்துடும். இன்னிக்கு சாயங்காலத்தோட ஆஃபர் முடியுது.”

இரண்டாவது கேள்வி. “படிச்சுட்டு வந்து இங்க லைசென்ஸுக்கு ஒரு பரீட்சை எழுதணுமே, அதுல என் பொண்ணு பாஸ் ஆவான்னு கேரண்டி தருவீங்களா?”

“ஹன்ட்ரட் பர்சென்ட் கேரண்டி அங்கிள்! கோச்சிங் எங்களோடது, ஃப்ரீ!”

போக வேண்டிய முனை போகவில்லை. போகக் கூடாத முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். லிஃப்ட் வரை வந்து, “அங்கிள், யோசிக்காதீங்க அங்கிள்” என்றாள். யோசிக்கத்தாம்மா வந்தேன் என்று தமிழில் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

திரும்பி வரும்போது மெட்டுகூடாவில் கதவு திறந்தது. இறங்கினால் பத்து நிமிஷத்தில் வீடு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு மூடியது. தார்நாகாவில் இறங்கிப் பஸ் பிடித்து, மௌலாலி வழியாகக் குஷாய்குடா போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை.

அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, அதுதான் அடுத்த கன்சல்டன்ட் ஆபீஸ். சுஜாதா மேடம் என்று பெயர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ரிடயர் ஆனவர். மேடம் தெலுங்கில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். ஃபேன் மட்டும்தான். காப்பி இல்லை.

முதல் கேள்விக்கு ஒரு காகிதக் கட்டை இழுத்துப் போட்டு, போன வருஷம் வெளிநாடு போன ஒரு பையனுக்கு வந்த கடிதத்தைக் காட்டினார். அவன் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். “இது வந்த அப்புறம்தான் பணம் கட்டச் சொன்னேன். உங்களுக்கும் அப்படித்தான்.”

இரண்டாவது கேள்வி. நான் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“லேது” என்றார். “நான் தரமாட்டேன். யாரு தந்தாலும் எழுந்து வந்துடுங்க. என் பொண்ணே ரெண்டாவது தடவைதான் பாஸ் ஆனா. நான் அனுப்பினதுல நாலு பசங்க இன்னும் எழுதிட்டே இருக்காங்க. உங்க பொண்ணு படிச்சா பாஸ் ஆவா. என் கையில என்ன இருக்கு?”

அவ்வளவு கறாராக ஒருவர் இல்லை என்று சொல்லி எனக்குச் சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு தாளில் ஐந்து பெற்றோரின் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். கடைசி நம்பருக்குக் கீழே கோடு போட்டார். “இந்தாளு என்னைத் திட்டுவாரு. அவருக்கு மொதல்ல போன் பண்ணுங்க.”

மாடிப்படியில் நின்று பண்ணினேன். மேட்சலிலிருந்து ஒருவர் எடுத்தார். திட்டினார், நன்றாகவே திட்டினார். குளிர் இவ்வளவு இருக்கும் என்று மேடம் சொல்லவில்லையாம். ஹாஸ்டலில் பிள்ளைகள் தாங்களே சமைக்க வேண்டும் என்று கடைசியில்தான் சொன்னாராம். போனில் கோபமாகவும் பேசுவாராம்.

“பொய் சொன்னாங்களா சார்?” என்று கேட்டேன்.

“பொய்… பொய் சொல்லலை” என்றார். “அதான் இன்னும் எரிச்சலா இருக்கு. யாரைத் திட்டறது?”

மேலே போனேன். மேடம் சிரிக்கவில்லை. “ஒரிஜினல் எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன், ரசீது இல்லாததையும் சேர்த்து. “மொதல்ல அதை வாங்குங்க. அது வர்ற வரைக்கும் என்கிட்ட பேச ஒண்ணுமில்லை. எனக்கு ஜெராக்ஸ் போதும். ஒரிஜினல் கேக்கற இடத்துக்கு நீங்களே கையில எடுத்துட்டு வரணும், நீங்களே எடுத்துட்டுப் போகணும்.”

குஷாய்குடாவிலிருந்து ஏ.எஸ்.ராவ் நகர் இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தேன். வழியில் பயம் வந்தது, மறைக்கவில்லை. ஃபைல் இல்லை என்று சொல்லிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் நித்யா?

இரண்டு மணி. வரவேற்பறையில் ஏழெட்டுப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். “வாங்கண்ணே! சாப்ட்டீங்களா?” என்றார் ராணிப்பேட்டைக்காரர். அவருக்கும் கேஜ் வைத்துத்தான் பார்த்தேன். அது நியாயம். “கேரண்டியா? என்னண்ணே, தமிழனுக்குத் தமிழன் தரமாட்டேனா? எழுதி வெச்சுக்கங்க, பாஸ்” என்றார்.

“சரி. ஒரிஜினலைக் குடுங்க.”

“அது பெங்களூரு ஆபீஸ் போயிருக்குண்ணே. பத்து நாள்ல வந்துடும்.”

“பரவாயில்லை. உக்காந்திருக்கேன்” என்றேன்.

“பத்து நாளாண்ணே?” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து பெற்றோர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்தேன். ஏசி அறையில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை பரவியது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, இங்கே ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நானும் தெலுங்கிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: என் மகளின் ஒரிஜினல் மெமோக்கள் இங்கே இருக்கின்றன, அது வரும் வரை போகமாட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்களதும் இங்கதான் இருக்கு” என்றார். இன்னொருவர், “ரசீது தந்தாங்களா?” என்றார். யாரிடமும் இல்லை. அந்த அம்மா எழுந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

மூன்றேகாலுக்கு உள்ளே ஒரு ஸ்டீல் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நீல ஃபைல் வந்தது. பெங்களூரு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஃபைலை மூடும்போது அவர் குரலைத் தாழ்த்தி, “என்னண்ணே, நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணா?” என்றார். அது கொஞ்சம் குத்தியது. அத்தனை பேர் நடுவில் அவர் தமிழில் பேசியது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

“நம்ம ஆளுன்னுதான் தம்பி ரசீது கேக்கலை. அது என் தப்பு. திருத்திட்டுப் போறேன்” என்றேன்.

அந்த அம்மா தன் ஃபைலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். அது கைக்கு வரும் வரை நானும் நின்றேன். அதனால்தான் வீடு வர அவ்வளவு நேரமாயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காலையில் பார்த்த இடத்தையும் நம் ஒர்க்‌ஷாப்பையும் நினைத்துப் பார்த்தேன். அங்கே சம்பளமே ஆமாம் என்று சொல்வதற்குத்தான் போலிருக்கிறது. எங்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவனை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்காரவைக்க மாட்டார்கள். நித்யா, வருகிற சனிக்கிழமை நீயும் வா, குஷாய்குடாவுக்குப் போவோம். அந்த மேடத்திடம் என்னைவிட நீ நன்றாகக் கேள்வி கேட்பாய். அவர் எத்தனை தடவை லேது சொல்கிறார் என்று எண்ணிக்கொள்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று பாக்கி. திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு அரைமணி முன்னால் போனேன். கேன்டீனில் யாரும் இல்லை. பலகையிலிருந்து நாலு குண்டூசியையும் பிடுங்கி அந்த நோட்டீஸை எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் என் இரண்டு கேள்வியையும், எதற்கு ஆமாம், எதற்கு இல்லை என்பதையும் தெலுங்கில் பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே, ‘ரசீது இல்லாமல் ஒரிஜினல் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்’ என்று எழுதி, என் பெயரையும் ஒர்க்ஷாப் கொடுத்த என் டிக்கெட் நம்பரையும் போட்டேன். அதே நாலு ஓட்டையில் அதே நாலு குண்டூசியைக் குத்திவிட்டு வேலைக்குப் போனேன்.