கன்னத்தில் பச்சை

என் அக்கா மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பத்தொன்பது வருஷமாக மங்கு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் பூசி மெழுகி, வந்த முகத்தையெல்லாம் ஒரே முகமாக்கி அனுப்பியவள். ஒரு நாள் பார்லரிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே ஒரு மூஞ்சியப் பாத்தாலும் வாந்தி வந்துடும்டி" என்றாள். மலை, கடல், மரம் என்று எதையாவது வரையலாமென ஆயில் பெயின்டிங் கற்கப் போனாள். வாத்தியார் தூக்கிக் கொடுத்தது ஒரு பெண்ணின் முகம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இம்ப்ரெஷனிஸ்ட் படமாம். பார்த்து அப்படியே வரைய வேண்டுமாம். சகிக்கவில்லை. கன்னத்தில் பாசி பிடித்தது போலப் பச்சை, கண்ணுக்குக் கீழே நீலம், மூக்கோரம் ஊதா. தள்ளி நின்றால்தான் முகம்; கிட்டே போனால் வெறும் பெயின்ட் அப்பல். "இவ குளிச்சு எத்தன நாளாச்சோ" என்று அக்காவே முகத்தைச் சுளித்தாள். வீடு முழுக்க, பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் நாற்றம் வேறு; சாப்பாட்டில் கை வைத்தால் அதிலும் அதே நாற்றம்.

மூன்று முறை வரைந்தாள். பழகின கை சும்மா இருக்குமா? பச்சையை வைப்பாள், உடனே ஓரம் தெரியக் கூடாதென்று விரலால் தட்டித் தட்டி இழைத்துவிடுவாள். மூன்று முறையும் கல்யாண மேடைக்குத் தயாரான ஒருத்திதான் வந்து நின்றாள். வாத்தியார் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்டாராம்.

வீட்டிலும் ஒரு முகம் அவளிடம் மாட்டியிருந்தது. அவள் மகள், பதினைந்து வயது, முகமெல்லாம் பரு. தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் ஸ்டூலில் உட்கார வைத்து ஸ்பாஞ்சால் மேக்கப் பூசிவிடுவாள் அக்கா. பூசப் பூசப் பரு சீழ் வைத்தது; சீழ் வைக்க வைக்க இன்னும் பூசினாள். பூச்சு இல்லாமல் பிள்ளை வாசல் கதவைக்கூடத் திறப்பதில்லை. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறவள், வியர்த்தால் வழிந்துவிடுமே என்று போட்டியிலிருந்து பெயரையே எடுத்துவிட்டாள். சித்தி என்று நானும் ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூ, நானும் என்ன பிறவியோ.

நாலாவது தடவை, படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாக மாட்டச் சொன்னார் வாத்தியார். "மொகம்னு நெனைக்காதீங்க. எந்த எடத்துல என்ன கலரோ, அத வச்சுட்டுக் கைய எடுத்துடுங்க."

இரண்டு வாரம் அப்படியே வரைந்தாள். ஒரு காலையில், மகள் ஸ்டூலில் காத்திருக்கும்போது, முடிந்த படத்தை நேராகத் திருப்பினாள். நானே எழுந்து வந்து பார்த்தேன். பச்சையும் நீலமும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஆனால் முகத்தில் ரத்தம் ஓடியது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணையும் மறைக்கலடி, பாத்தியா?"

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பாஞ்சை எடுத்ததும் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"என்னையும் ஒரு தடவ தலைகீழா மாட்டிப் பாரேம்மா."

சொல்லிவிட்டு, வெறும் முகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். கீழே பக்கத்து வீட்டுக்காரி ஏறி வந்துகொண்டிருந்தாள். அக்கா ஸ்பாஞ்சும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள்.

"நில்லுடி! யாராச்சும் பாத்துடப் போறாங்க!"