வேலுத்தாய் டீச்சர் இறக்கிய கற்றாழை

வேலுத்தாய் டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "காலையில காப்பியக் குடிச்சிட்டுச் செடிப்பக்கம் போனாக. அங்கனயே சாஞ்சிட்டாக" என்றார் தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இப்படியா ஒருத்தி கிளம்புவாள்?

திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் அவர் சமூக அறிவியல், நான் கணக்கு. விருதுநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பியவர்கள். அவரோடு பழகியவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு தொட்டியாவது இருக்கும்: வெள்ளைப் புள்ளி போட்ட கற்றாழை. இரண்டு வகைப் புள்ளிக் கற்றாழைகள் பூத்திருந்த சமயம், ஒன்றின் மகரந்தத்தை பிரஷால் தொட்டு மற்றதில் தடவி, விதை எடுத்து, அவரே உண்டாக்கிய கலப்பினம் அது. இலை ஓரம் சிவப்பு, பூ ஆரஞ்சு. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுகவைத்துவிடும் என்று, செங்கல் துண்டும் சரளையும் கொட்டி மேடு கட்டித்தான் நடுவார்.

கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாரா? சோதனைக்கு வந்துவிடுவார். வந்ததும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "தண்ணி ஊத்துனீகளா?" என்பார். சித்திரை வெயிலில் இலையெல்லாம் செம்பு நிறமாகிச் சுருங்கிக் கிடந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? "அது வாடல டீச்சர். வெயிலுக்கு ஏத்த மாதிரி சட்டைய மாத்திருக்கு. நீங்க பாவம் பாக்குறதுதான் அதக் கொல்லுது" என்பார். என் வீட்டிலேயே நான் ஒரு செம்புத் தண்ணீரோடு திருடி மாதிரி திரிந்தேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருஷ்டிக்காகக் கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டுவார்களே, அதைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் பாதி வழியில் "இறங்குங்க டீச்சர்" என்று என்னை பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கினார். ஒரு வீட்டு வாசலில் தொங்கிய கற்றாழை பூவிட்டிருந்தது. வீட்டுக்காரர் பூரித்துப்போய், "நல்ல யோகம்மா இது, பூத்திருக்கு பாருங்க" என்றார். "யோகமாவது மண்ணாவது! சாகப் போறேன்னு அது போடுற கூப்பாடுய்யா அது" என்று இவர் கயிற்றில் கை வைத்தார்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. "நானும் வீட்டுக்காரியும் பட்டாசு கம்பெனியில மருந்து புழங்குறவுக டீச்சர். காலையில போனா சாயங்காலம் திரும்புறது அவன் செயல். வாசல்ல அது தொங்குனா ஒரு தைரியம்" என்றார். டீச்சர் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். மறுநாள் தன் புள்ளிக் கற்றாழைத் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் அந்த வாசலில் வைத்து, "இது உசிரோட நின்னு காவல் காக்கட்டும்" என்றார். அடுத்த வாரம் பார்த்தால் மனிதர் அதையும் பிடுங்கித் தொங்கவிட்டிருந்தார்! நான் பஸ்ஸிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கயிற்றை மட்டும் அவர் கடைசிவரை தொடவில்லை.

என் மகன் வீட்டுக் கயிற்றை விடவில்லையே! சூலக்கரை பக்கம் அவன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. டீச்சர் முன்கூட்டியே ஒரு தொட்டி அனுப்பியிருந்தார். அவ்வளவு புள்ளி போட்ட செடி அவரிடமே வேறு கிடையாது. சம்பந்தியம்மா, "எம்புட்டுக் கண்ணு இதுக்கு! எந்தத் திருஷ்டியும் அண்டாது" என்று அதைப் பிடுங்கி நிலைக்கு மேலே கட்டிவிட்டார். டீச்சர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்க்க, செடியை அவிழ்த்து முந்தானையில் சுற்றிக்கொண்டார். சம்பந்தியம்மா முகம் செத்துவிட்டது. மானம் போன ஆத்திரத்தில், "இனி எங்க வாசப்படி ஏறாதீங்க" என்று கத்தினேன்.

"ஏறல டீச்சர். வீட்டுல இருக்குற தொட்டிக்குத் தண்ணி மட்டும் ஊத்தாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

துக்க வீட்டுக்குப் போனேன். பந்தல் போட வந்தவர்கள், அவர் செடி நட்டிருந்த முற்றத்து மேட்டைக் கலைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், நிலைக்கு மேலே அதே செடி, வேர் மேலே, தலை கீழே. "மதினி ஆசையா வச்சிருந்தாக, வீணாப் போகக் கூடாதுன்னு கட்டுனேன்" என்றாள் தம்பி மனைவி.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"டீச்சர், சாவு வீட்டுல என்ன செய்யுதீக?"

"உள்ள கெடக்குறவுக எந்திரிச்சு வந்து எறக்குறதுக்குள்ள நான் எறக்கிர்றேன் தாயி."

செடியை முந்தானையில் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

அறுந்த வேர் காயும்வரை நிழலில் போட்டு வைத்து, செங்கல் துண்டும் சரளையும் கொட்டி மேடு கட்டி, என் வாசலில் நட்டிருக்கிறேன். இலையெல்லாம் செம்பு நிறமாகிச் சுருங்கிக் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் எழுந்ததும் செம்போடு அதன் முன்னால் போய் நிற்கிறேன்.

ஊற்றவில்லை டீச்சர். போதுமா?