கோட்டுக்காரருக்கு நாலு பேரப்பிள்ளை

வரலாறு எழுதுகிறவனுக்கு 'தெரியாது' என்று சொல்லும் தைரியம்தான் முதல் மூலதனம் என்றால், என்னைவிடப் பெரிய முதலாளி மலேசியாவின் இந்தச் சிலாங்கூரில் இருக்க முடியாது.

என் பிழைப்பு வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது. பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றி, ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான் வீடமைப்புகளில்தான் பெரும்பாலும் வேலை. மெஷினைச் சரிசெய்தபின் ஒரு தடவை முழுதாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் சும்மா உட்காராமல், "பழைய படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தேன். பதினெட்டு வருஷத்தில் பதினோரு கோப்பு சேர்ந்துவிட்டது. என்னைப் போலப் பழைய காகிதம் சேர்த்து வீட்டில் திட்டு வாங்குகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கோட்டு

ஒரு வீட்டில் தோட்டத்துப் படம் ஒன்று கிடைத்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள். முன்னால் நடுவில் கோட்டு போட்ட ஒருவர். வலது ஓரத்தில் தலையில் துண்டு கட்டி, கையில் ரப்பர்ப் பால் வாளியோடு, செருப்பில்லாமல் ஒரு பெண். படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்டாள். வீட்டுக்காரர் கோட்டைத் தொட்டுக் காட்டி, "எங்க தாத்தா, தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி" என்றார். பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கோலசிலாங்கூரில் ஒரு வீடு. மெஷினில் பெல்ட் போயிருந்தது. கைப்பேசியில் படத்தைக் காட்டினால், அதே கோட்டைக் காட்டி, அதே "எங்க தாத்தா." ரவாங்கில் மூன்றாவது பேரன் கிடைத்தார். தாத்தாவின் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது, கிராணி உத்தியோகம் மாறவில்லை. ஒரு தோட்டத்தில் மூன்று கிராணி இருக்கலாம், ஒரு கோட்டுக்குள் எப்படி இருப்பது? பாகான் நக்கோடா ஓமாரில் நான்காவதாக உரிமை கேட்ட அக்காவிடம், சரி, அந்த ஓரத்தில் நிற்கிற அம்மா யார் என்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"அது யாராச்சும் பாலுக்கு மரம் வெட்ட வந்தவங்களா இருக்கும் தம்பி. நம்ம ஆளு இல்ல."

கல்வித் தகுதி

எப்படியோ கேள்விப்பட்டு ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் அம்மா என்னைத் தேடி வந்தார். தோட்டத் தமிழர் வரலாறு என்று ஒரு பாடம் தொடங்கப் போகிறார்களாம். கம்பெனி அறிக்கைகள் இருக்கின்றன, தொழிலாளியின் முகம்தான் இல்லை, உங்கள் கோப்புகளும் வேண்டும், நீங்களும் வேண்டும் என்றார். கூடவே ஒரு படிவமும் தந்தார். அதில் கல்வித் தகுதிக்கு இருந்த நாலு கட்டத்தில், பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவனுக்கு ஒரு கட்டமும் இல்லை.

நான் முழிப்பதைப் பார்த்து அவர் ஆறுதல் சொன்னார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சேர்த்து வைத்தவர்களிலும் பட்டம் வாங்காதவர்கள் உண்டாம். தாங்களாகவே படித்து, கிடைத்த காகிதத்தை எல்லாம் சேர்த்தார்களாம். பல்கலைக்கழகத்துக்குள் அது ஒரு படிப்பாக வந்தபோது அவர்கள் சேர்த்ததும் கைகொடுத்ததாம். எனக்குத் தரையில் கால் படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"அவங்க பொண்டாட்டிங்களும் கட்டிலுக்கு அடியில கூட்ட முடியாம கெடந்தாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

கேள்விக்குறி

கோப்புகளைக் கொடுத்த சில மாதத்தில் பாடத் தொகுப்பின் முதல் அச்சு வந்தது. கோட்டுக்காரருக்குக் கீழே முதலில் கிடைத்த பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். நாலு பெயருக்கும் பக்கத்தில் நான் போட்டிருந்த கேள்விக்குறிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. படத்தின் வலது ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வாளி தூக்கிய பெண் இல்லை. போன் செய்தேன். பேர் தெரியாதவர்களைப் போட்டால் குழுவில் கேள்வி வரும், இடமும் பத்தாது என்றார் அந்த அம்மா. எனக்குச் சட்டென்று கோபம் வராது, அன்று வந்தது. அந்தப் பெண் இல்லையென்றால் பதினோரு கோப்பும் திரும்ப வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்தபின்தான் யோசித்தேன். பாடமே நின்றுபோனால்? பேர் ஊர் தெரியாத ஒருத்திக்காக முப்பது பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனா? மூன்று நாள் பதில் இல்லை. அந்தக் குழப்பத்தில் ஒரு வீட்டில் சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாட்டிவிட்டு வந்தேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"படம் முழுசா வருது அண்ணே, நாலு தாத்தாவும் வராங்க, கேள்விக்குறியும் போட்டாச்சு. ஆனா முதல் கிளாசுக்கு நீங்கதான் வந்து பதில் சொல்லணும்."

முதல் வகுப்பு

இருபது மாணவர்கள், சுவரில் பெரிதாக அந்தப் படம். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது. தெரியாததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரவாங்கிலிருந்து வந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், கோட்டு போட்டவருக்கும் செருப்பு இல்ல. கோட்டுக் கையும் விரலை மூடுது. அது அவர் கோட்டுதானா?"

சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. கிராணி வெறுங்காலோடு பெரட்டுக்களத்தில் நிற்கமாட்டார். படம் பிடிக்க வந்தவன் கொண்டு வந்த கோட்டாக இருக்கலாம். அப்படியானால் அவரும் மரம் வெட்டியவர்தானா? பதினெட்டு வருஷத்தில் நான் கோட்டைத் தாண்டிக் கீழே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாலு வீட்டுக்கும் போய் இதை எப்படிச் சொல்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த மாணவி மறுபடியும் கேட்டாள். "ஓரத்துல நிக்கிறவங்கள எங்க பாட்டின்னு யாருமே கேக்கலையா அங்கிள்?" ஒருவரும் கேட்கவில்லை என்றேன். அவள் என் சட்டைப்பையில் இருந்த பென்சிலைக் காட்டினாள்.

"அப்ப எங்க வீட்டுக்குன்னு எழுதிக்குங்க. எங்க வீட்டுலயும் மரம் வெட்டினவங்கதான், ஒருத்தர் படமும் இல்ல."

எழுதினால் பொய், எழுதாவிட்டால் பாவம் என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கிறேன், இதற்குப் பெயர்தான் வரலாற்று ஆசிரியர் என்கிறார்கள்.