முப்பத்தியோராம் பக்கத்துப் புள்ளிகள்

இப்போதெல்லாம் ஒரு நாவலை முடித்தவுடன், இதை வாசித்தவர்கள் இதையும் வாசித்தார்கள் என்று கைபேசியே அடுத்ததை எடுத்து நீட்டுகிறது. எனக்குப் பதினொரு வயதில் அந்த உதவியைச் செய்தவை மூன்று புள்ளிகள்.

நூலகத்தில் எடுத்த தொடர் நாவல் ஒன்றின் ஏழாம் பாகத்தை முடித்த அன்று நான் சோறு தின்னவில்லை. நில அளவைக்காரி ஒருத்தி பாழ்கிணற்றில் இறங்குவாள்; ஏறும்போது நானூறு வருடத்துக்கு முந்திய ஊரில் ஏறுவாள். கடைசிப் பாகத்தில் கிணற்றையே மூடிவிட்டார்கள். எட்டாம் பாகம் எழுதாமல் அந்த ஆசிரியருக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை என்று அழுதேன்.

“கதைப்புத்தகத்துக்கு அழுகிற பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார் அம்மா. அம்மாவுக்குக் கதைப்புத்தகம் என்றாலே ஆகாது. கணக்குக் கொப்பியைத் திறந்தால் மட்டும் தேத்தண்ணீர் தானாக வரும்.

மறுநாள், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலத் திரிந்து வாசலில் வந்து நின்ற மான்களை விலக்கிக்கொண்டு நூலகத்துக்குள் ஓடினேன். இதைப்போல வேறு கதை இருக்கிறதா என்று பொறுப்பாக இருந்த மிஸ்ஸிடம் கேட்டேன்.

“எனக்குத் தெரியாது பிள்ளை. சரித்திரக் கதை ரெண்டு அலுமாரி கிடக்கு, நீரே தேடிப் பாரும்.”

அட்டையைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே அரசர், ஒரே வாள். எதை எடுப்பது? அப்போதுதான் அந்தப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. ஏழு பாகத்திலும் முப்பத்தியோராம் பக்க மூலையில் பென்சிலால் மூன்று புள்ளியும் அடியில் ஒரு கோடும் இருந்தன. எங்கள் நூலகத்து வாசகர்கள் செய்யும் களவு அது. வாசித்த புத்தகத்தையே மறுபடி கொண்டுபோய் ஏமாறாமலிருக்க, ஆளுக்கொரு அடையாளம் போட்டுவைப்பார்கள். மிஸ் கண்டால் ஏச்சுக் கிழி விழும்.

மூன்று புள்ளிக்காரருக்கும் எனக்கும் ஒரே ருசி என்றால், அவர் வாசித்த மற்றப் புத்தகங்களும் எனக்குப் பிடிக்கத்தானே வேண்டும்? அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாக முப்பத்தியோராம் பக்கத்தைப் புரட்டினேன். அம்மாடி! ஒல்லாந்தர் காலத்தில் போய் இறங்கிய பஸ் கொண்டக்டர், சோழர் படைக்குச் சமைக்கப்போன கன்டீன்காரர் என்று வரிசையாக வந்தார்கள். ஆறு மாதம் அந்தப் புள்ளிகளின் தயவில் வாழ்ந்தேன். முகம் தெரியாத அந்த மனிதரில் எனக்கு அப்படியொரு பாசம். தடித்த கண்ணாடி போட்ட, துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

இரண்டாவது அலுமாரியின் அடித்தட்டில் கடைசியாக ஒன்று அகப்பட்டது. அதன் நடுப்பக்கம் ஒன்று மடிக்கப்பட்டு, புள்ளிகளுக்குப் பக்கத்தில் ‘மிச்சம் பிறகு’ என்று அவசர எழுத்தில் இருந்தது. புத்தகம் எடுக்கும்போது முத்திரை குத்தும் திகதித் தாளில் கடைசி முத்திரை நான் பிறந்த அதே வருடம், அதே மாதம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாருமே எடுக்கவில்லை. பாதியில் விட்டிருக்கிறாரே, சோம்பேறி மனுசன் என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இரண்டே நாளில் வாசித்து முடித்து, புத்தகத்தோடு வீட்டுப் பின்வளவுக்கு ஓடினேன். அம்மா சட்டிகள் கழுவிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“அம்மா, ஒரு மணிக்கூடு திருத்துறவர்...”

அம்மா அட்டையைப் பார்த்தார். “அது கிடக்கட்டும். கப்பலேறிப் போனவர் திரும்பி வந்தவரோ, இல்லையோ?”

கப்பலைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அது எனக்கு உறைக்கவுமில்லை. முதலிலிருந்து சொல்ல விடுகிறாரில்லையே என்ற கோபம்தான் வந்தது.

“முதல்ல இருந்து கேட்டாத்தான் சொல்லுவன்.”

“சரி, சொல்லன்.”

அம்மா சட்டியை வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கல்லில் குந்தினார். பகலில் அம்மா ஓரிடத்தில் குந்தியிருந்து நான் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து, பந்து விளையாட வரச்சொல்லி வேலிக்கு அப்பால் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள்.

“வந்தவர். கிழவனா வந்தவர். அவ்வளவுதான்,” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்தேன்.

“அப்ப அந்த மனுசி? அவர் வருமட்டும் அவ காத்துக்கொண்டு இருந்தவவோ?”

“பிறகு சொல்லுறன் அம்மா!”

பிறகும் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளின் அடியில், அயல்வீடுகளுக்குப் போனால் தவறாமல் திரும்பி வரவேண்டும் என்று அவரே சிவப்பு நகப்பூச்சால் போட்ட மூன்று புள்ளியும் ஒரு கோடும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றைத் தாண்டிக் குதித்து விளையாட ஓடினேன்.